பட்டாளத்துக்காரர் குற்றம் செய்தால் விசாரிப்பது யார்?

ராயபுரத்தில் பஸ் ஏறி, கடற்கரைச் சாலையோடு தெற்கே போனால், முதலில் துறைமுகத்தின் நீண்ட மதில் வரும். அப்புறம் பாரிமுனை. அதன் பிறகு கோட்டை. கோட்டையைத் தாண்டியதும் தீவுத்திடல். அங்கே ராணுவ அதிகாரிகள் வசிக்கும் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. உள்ளே நிழல் தரும் மரங்கள் உண்டு. வாதாம் மரமும் உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் இந்திரா காந்தி நகர். கூலி வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் இடம்.

2011-ம் ஆண்டு ஜூலை மாதம் 3-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. அந்தக் குடிசைப் பகுதியைச் சேர்ந்த பையன்கள் சிலர் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். எதற்காக? வாதாங்காய் பறிப்பதற்காக. வாதாங்காயைத் தின்றுவிட்டு, கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பை எடுப்பது வட சென்னைப் பிள்ளைகளுக்குத் தெரியாத வித்தையா?

ஒரு துப்பாக்கி வெடித்தது. 13 வயதுப் பையன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் அவன் உயிர் போயிற்று.

காவலுக்கு நின்ற சிப்பாய்தான் சுட்டான் என்று முதலில் பேச்சு கிளம்பியது. ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். வழக்கு குற்றப் புலனாய்வுப் போலீசாரின் கைக்குப் போயிற்று. சில நாட்களில் உண்மை வெளிவந்தது. சுட்டவர் காவல்காரச் சிப்பாய் அல்ல. அந்தக் குடியிருப்பில் இருந்த, ஓய்வு பெற்ற லெப்டினன்ட் கர்னல் ஒருவர். அவருடைய துப்பாக்கி கூவத்தில் வீசப்பட்டிருந்தது. அதைத் தேடி எடுத்தார்கள்.

சென்னையிலேயே, விரைவு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2012-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந்தேதி தீர்ப்பு. ஆயுள் தண்டனை. அபராதமும் உண்டு. அபராதத்தில் பெரும்பகுதியைப் பையனின் தாயாருக்குக் கொடுக்கவேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார். சம்பவம் நடந்து 10 மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

அந்தத் தாயார் ஏழை. ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்குக் குறை இல்லை. வழக்கு நடந்த கோர்ட்டு அவர் ஊரிலேயே இருந்தது. வாசலில் துப்பாக்கியோடு நின்று தடுக்க யாரும் இல்லை. சாட்சிகள் பேசிய பேச்சு அவருக்குத் தெரிந்த பேச்சு. தீர்ப்பு மறுநாள் பத்திரிகையில் வந்தது. அக்கம்பக்கத்தார் படித்துக் காட்டினார்கள் என்றால், எல்லாம் புரிந்துவிடும்.

இதையே கொஞ்சம் மாற்றி யோசித்துப் பாருங்கள். சுட்டவர் ஓய்வு பெறாமல் பணியில் இருந்திருந்தால்? "பட்டாளத்துக்காரருக்குத் தனி கோர்ட்டு உண்டாமே? நம் போலீசும் நம் கோர்ட்டும் அவர்களை ஒன்றும் செய்ய முடியாதாமே?" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களே, அது சரிதானா?

பாதி சரி. பாதி தப்பு. அந்த இரண்டு பாதியையும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் சொல்வது

இந்திய ராணுவச் சட்டம் 1950-ம் ஆண்டில் வந்தது. சிப்பாய் முதல் தளபதி வரை எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். காவல் நேரத்தில் தூங்கினால், மேலதிகாரி சொல் கேளாவிட்டால், படையைவிட்டு ஓடினால் ராணுவக் கோர்ட்டில் விசாரணை. இது நியாயம்தான். காவலில் தூங்குவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது படையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

திருட்டு, அடிதடி, மோசடி போன்ற ஊர்க் குற்றங்கள்? அதே சட்டத்தின் 69-ம் பிரிவு, இவற்றையும் ராணுவக் கோர்ட்டு விசாரிக்கலாம் என்கிறது. ஊர்க் கோர்ட்டும் விசாரிக்கலாம். இரண்டுக்கும் அதிகாரம் உண்டு.

ஆனால் அடுத்த பிரிவு, 70-ம் பிரிவு, முக்கியமானது. படையைச் சேராத ஒரு மனிதரைக் கொலை செய்தாலும், கொலை ஆகாத மரணம் விளைவித்தாலும், படையைச் சேராத ஒரு பெண்ணைக் கற்பழித்தாலும் அந்த வழக்கை ராணுவக் கோர்ட்டு தொடக்கூடாது. ஊர்க் கோர்ட்டுதான் விசாரிக்கவேண்டும்.

ஆகவே, தீவுத்திடலில் சுட்டவர் பணியில் இருந்த அதிகாரியாகவே இருந்திருந்தாலும், சமாதான காலத்தில் அவரை செஷன்ஸ் கோர்ட்டில்தான் நிறுத்தியிருக்க வேண்டும். டீக்கடைப் பேச்சு இந்த இடத்தில் தப்பு.

பின் எங்கே சரி? அந்த 70-ம் பிரிவுக்கு ஒரு வால் இருக்கிறது. குற்றம் செய்த நேரத்தில் அந்தச் சிப்பாய் போர்ப் பணியில் இருந்தால், இந்தியாவுக்கு வெளியே இருந்தால், அல்லது அரசு குறிப்பிட்ட எல்லைக் காவல் நிலையத்தில் இருந்தால், கொலையைக்கூட ராணுவக் கோர்ட்டு விசாரிக்கலாம். போர்ப் பணி என்றால் பீரங்கி முழங்கும் போர்க்களம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இன்னாருடைய பணி போர்ப் பணியாகக் கருதப்படும் என்று மத்திய அரசு ஓர் அறிவிப்புப் போட்டாலே போதும். 1962-ல் சீனப் படையெடுப்பின்போது அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. எங்கே பணி செய்தாலும் சரி, போர்ப் பணிதான் என்று அது சொன்னது.

இரண்டு கோர்ட்டுக்கும் அதிகாரம் இருந்தால், எந்தக் கோர்ட்டு என்று முடிவு செய்வது யார்? நீதிபதியா? இல்லை. இறந்தவரின் உறவினரா? அதுவும் இல்லை. 125-ம் பிரிவின்படி, படையின் மேலதிகாரியே தேர்ந்தெடுப்பார். அவர் "எங்கள் கோர்ட்டு" என்று சொல்ல, ஊர்க் கோர்ட்டு "இல்லை, எங்களிடம் அனுப்புங்கள்" என்று எழுதிக் கேட்கலாம். தகராறு வந்தால் மத்திய அரசு சொல்வதே முடிவு. 1963-ல் சுப்ரீம் கோர்ட்டு இந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு, தன்னோடு பணி செய்த படை ஆட்களையே சுட்டுக் கொன்ற ஒரு சிப்பாயின் வழக்கு.

படைக்குள் நடந்த குற்றத்தைப் படை விசாரிப்பதில் தப்பில்லை. செத்தவரும் படை ஆள், சுட்டவரும் படை ஆள். ஆனால் செத்தது ஊர்க்காரர் என்றால்? அப்போதும் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு பக்கத்தாரிடமே இருப்பது என்ன முறை? பங்காளிச் சண்டையில்கூட ஒரு தரப்பின் வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து வைக்க மற்றவர் சம்மதிக்கமாட்டாரே!

நானாவதி வழக்கு

சீருடை அணிந்தவர் ஊர்க் கோர்ட்டில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டில் மிகவும் பேர் பெற்ற உதாரணம் நானாவதி வழக்கு. வயதான வாசகர்கள் அந்தக் காலத்தில் இதைக் கதைபோல் படித்திருப்பார்கள்.

கே. எம். நானாவதி கடற்படைக் கமாண்டர். 'மைசூர்' என்ற போர்க்கப்பலில் இரண்டாவது பெரிய அதிகாரி. 1959-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந்தேதி பம்பாயில், தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்த பிரேம் அகுஜா என்ற வியாபாரியைச் சுட்டுக் கொன்றார். தானே போய்ச் சரண் அடைந்தார்.

அவரைக் கடற்படைக் கோர்ட்டில் விசாரிக்கவில்லை. பம்பாய் செஷன்ஸ் கோர்ட்டில் ஜூரிகள் முன் நிறுத்தினார்கள். ஆனால் காவலில் வைத்தது கடற்படையே. விசாரணைக்கு அவர் வெள்ளைச் சீருடையில் வந்தார். ஊரே அவர் பக்கம். ஜூரிகள் 9 பேரில் 8 பேர் "குற்றவாளி அல்ல" என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்கவில்லை. ஐகோர்ட்டுக்கு அனுப்பினார். 1960-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி ஐகோர்ட்டு அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அன்றைக்கே ஒரு வேடிக்கை நடந்தது. பம்பாய் கவர்னர் ஸ்ரீபிரகாசா அந்தத் தண்டனையை நிறுத்திவைத்து உத்தரவு போட்டார். இதே ஸ்ரீபிரகாசா அதற்கு முன்பு நம் சென்னை ராஜ்யத்தின் கவர்னராக இருந்தவர். கைதி கடற்படைக் காவலிலேயே இருக்கட்டும், சாதாரண ஜெயிலுக்குப் போகவேண்டாம் என்பதே அந்த உத்தரவின் பலன். வழக்கு தன் முன்னால் இருக்கும்போது கவர்னர் அப்படிச் செய்யக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 1961-ம் ஆண்டு நவம்பர் 24-ந்தேதி ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. 1964-ல் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது, அது வேறு கதை.

ஊர்க் கோர்ட்டும் சீருடைக்கு மயங்கும் என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. 8 ஜூரிகள் மயங்கினார்கள். ஆனால் மயக்கம் தெளிவதற்கு மேலே ஒரு படி, அதற்கும் மேலே ஒரு படி என்று வழி இருந்தது. ஒவ்வொரு படியிலும் காரணம் சொல்லி எழுதிய தீர்ப்பு இருந்தது. இன்றைக்கும் யாரும் அதை எடுத்துப் படிக்கலாம்.

ராணுவக் கோர்ட்டின் உள்ளே

ராணுவக் கோர்ட்டு எப்படி இருக்கும்? பொது ராணுவக் கோர்ட்டு என்றால் குறைந்தது 5 அதிகாரிகள் உட்காருவார்கள். ஒவ்வொருவரும் குறைந்தது 3 வருஷமாவது அதிகாரியாக இருந்திருக்கவேண்டும். சட்டம் சொல்லிக்கொடுக்க ஒரு சட்ட அதிகாரி பக்கத்தில் இருப்பார். அவர்கள் கொடுக்கும் தீர்ப்பு, மேலதிகாரி உறுதி செய்த பிறகே செல்லும். அவருக்குத் திருப்தி இல்லை என்றால் ஒரு தடவை திருப்பி அனுப்பி, மறுபடி யோசிக்கச் சொல்லலாம்.

தீர்ப்புக்குக் காரணம் எழுதவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1990-ல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சட்ட பெஞ்சே இதை ஒப்புக்கொண்டது. "குற்றவாளி" அல்லது "குற்றவாளி அல்ல". அவ்வளவுதான். இழந்தவர் "ஏன்?" என்று கேட்டால், காட்டுவதற்குக் காகிதம் இல்லை.

அதற்காக ராணுவக் கோர்ட்டு என்றாலே கண் துடைப்பு என்று சொல்லிவிட முடியாது. காஷ்மீரத்தில் மாச்சில் என்ற இடம். 2010-ல் அங்கே மூன்று ஏழை வாலிபர்களை வேலை தருவதாக அழைத்துப் போய், எல்லை தாண்டி வந்த பயங்கரவாதிகள் என்று சுட்டுக் கொன்றார்கள். ராணுவமே விசாரித்தது. அதிகாரிகள் உள்ளிட்ட ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2015-ல் அது உறுதி ஆயிற்று. ஆனால் 2017-ல் ராணுவத் தீர்ப்பாயம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்துவிட்டது.

அதே காஷ்மீரத்தில் பத்ரிபல் என்ற இடத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். 2000-ம் ஆண்டு மார்ச் 25-ந்தேதி அங்கே 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். "அந்நியப் பயங்கரவாதிகள்" என்றது ராணுவம். செத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்பது பின்னால் வெளிப்பட்டது. மத்தியப் புலனாய்வுத் துறை, அதாவது சி.பி.ஐ., விசாரித்து 2006-ல் ஸ்ரீநகர் கோர்ட்டில் ராணுவத்தினர் 5 பேர் மீது குற்றப் பத்திரிகை கொடுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2012-ம் ஆண்டு மே 1-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, "எந்தக் கோர்ட்டு என்று ராணுவமே முதலில் தேர்ந்தெடுக்கட்டும்" என்று 8 வாரம் தவணை கொடுத்தது.

ராணுவம் தன் கோர்ட்டைத் தேர்ந்தெடுத்தது. 2014 ஜனவரியில், போதிய சாட்சியம் இல்லை என்று சொல்லி வழக்கை மூடிவிட்டது.

சி.பி.ஐ. போதும் என்று நினைத்த சாட்சியம் ராணுவத்துக்குப் போதவில்லை. யார் சொன்னது சரி? ஊர்க் கோர்ட்டில் வழக்கு நடந்திருந்தால் அது வெளிச்சத்தில் தெரிந்திருக்கும். நடக்காததால் இரண்டு பக்கமும் சந்தேகம் தங்கிவிட்டது. அந்த ராணுவத்தினர் உண்மையிலேயே குற்றம் செய்யாதவர்களாக இருந்தால், அவர்களுக்கும் அல்லவா இது கெடுதல்? காலம் முழுவதும் ஜனங்களின் வாயில் அவர்கள் கொலைகாரர்களாகவே இருப்பார்கள்.

பட்டாளத்துக்கு எதிரான பேச்சு என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மகனைப் படைக்கு அனுப்பிவிட்டு, போன் வரும் நாளுக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். பனி மலையில் நிற்கும் அந்தப் பிள்ளையின் கௌரவம், பக்கத்தில் நின்ற ஒருவன் செய்த கொலையை மூடி மறைப்பதால் உயராது.

கடலில் நடந்த கதை

காசிமேட்டுக்காரர்களுக்கு இந்த விஷயம் வேறு விதத்தில் நெருக்கமானது. அவர்கள் பிழைப்பு கடலில். கடலில் வேலி இல்லை. கடற்படைக் கப்பல் வரும். கடலோரக் காவல் படைக் கப்பல் வரும். அந்தக் காவல் படைக்கும் 1978-ல் தனிச் சட்டம் போட்டு, தனி கோர்ட்டு வைத்திருக்கிறார்கள். அந்நியக் கப்பலும் வரும். அதில் அந்நிய நாட்டுச் சிப்பாய் துப்பாக்கியோடு நிற்பதும் உண்டு.

2012-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந்தேதி. கேரளக் கரையில் இருந்து சுமார் 20 கடல் மைல் தூரத்தில் 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடி படகு. அதில் 11 பேர். பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல். கப்பலில் காவலுக்கு இத்தாலியக் கடற்படை வீரர்கள். கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்று பிற்பாடு சொன்னார்கள். சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் மாண்டார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர்.

கேரளப் போலீசார் மாசிமிலியானோ லத்தோரே, சல்வத்தோரே ஜிரோனே என்ற இரண்டு வீரர்களைக் கைது செய்தார்கள். கொல்லம் கோர்ட்டில் நிறுத்தினார்கள். கொல்லம் என்றால் மீனவக் குடும்பங்கள் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்.

அங்கிருந்து வழக்கு நகர ஆரம்பித்தது. 2013 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, "இது கேரளாவின் எல்லைக்குள் நடந்தது அல்ல, மத்திய அரசு தனிக் கோர்ட்டு அமைக்கட்டும்" என்றது. வழக்கு டெல்லிக்குப் போயிற்று. வீரர்கள் கிறிஸ்துமசுக்கு இத்தாலி போய் வந்தார்கள். ஓட்டுப் போடப் போனார்கள். திருப்பி அனுப்பமாட்டோம் என்று இத்தாலி சொல்லி, பிறகு அனுப்பியது. ஒருவர் 2014-ல் வைத்தியத்துக்குப் போனார். மற்றவர் 2016-ல் போனார். இருவரும் திரும்பவே இல்லை.

வழக்கு டெல்லியில் இருந்து ஐரோப்பாவில் உள்ள ஹேக் நகரத்துக்குப் போயிற்று. அங்கே 5 பேர் கொண்ட சர்வதேச நடுவர் குழு 2020 மே மாதம் முடிவு சொன்னது. "மீனவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டியது இத்தாலியின் கடமை. ஆனால் அந்த வீரர்கள் தங்கள் நாட்டின் உத்தியோக வேலையில் இருந்தவர்கள். ஆகவே இந்தியக் கோர்ட்டு அவர்களை விசாரிக்க முடியாது. இத்தாலியே விசாரிக்கட்டும்." இது அந்த முடிவின் சாரம். ஐவரில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம்.

இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. இறந்த இருவர் குடும்பத்துக்கும் தலா 4 கோடி, படகுக்காரருக்கு 2 கோடி. 2021 ஜூன் 15-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு இந்தியாவில் இருந்த வழக்குகளை முடித்துவைத்தது. 2022 ஜனவரியில் ரோமாபுரி நீதிபதி அங்கிருந்த வழக்கையும் தள்ளுபடி செய்தார். அந்த இருவரும் குற்றவாளிகளா, நிரபராதிகளா என்று சாட்சிகளை நிறுத்தி, குறுக்கு விசாரணை செய்து, எந்த நாட்டுக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை.

4 கோடி ரூபாய் சின்னத் தொகை அல்ல. ஆனாலும் கணக்குப் பாருங்கள். கொல்லத்தில் ஆரம்பித்த வழக்கு டெல்லி, ஹேக், ரோமாபுரி என்று ஒவ்வொரு ஊராகத் தள்ளிப் போகப் போக, செத்தவர்களின் வீடு அதற்குத் தூரமாகிக்கொண்டே போயிற்று. தீவுத்திடல் பையனின் வழக்கு 10 மாதத்தில் முடிந்தது. இது 10 வருஷம் ஓடி, விசாரணை இல்லாமலே முடிந்தது.

அந்நிய நாட்டார் என்பதால் இப்படி, நம் கடற்படை என்றால் இந்தச் சிக்கல் இல்லை என்று சிலர் சொல்லலாம். 2022-ம் ஆண்டு அக்டோபர் 21-ந்தேதி பாக் நீரிணையில் நம் கடற்படைக் கப்பலே தமிழ்நாட்டு மீன்பிடி படகு ஒன்றைச் சுட்டது. மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர் ஒருவர் குண்டுக் காயம் பட்டார். எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்று கடற்படை சொன்னது. அப்போது தமிழ்நாட்டுப் போலீசார் தயங்கவில்லை. கடற்படையினர் மீது வழக்குப் பதிவு செய்தார்கள். ஊர்ப் போலீசுக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதை மீனவர்கள் மனசில் வைத்துக்கொள்ளவேண்டும். முதல் தகவல் அறிக்கைக்கு எந்தப் படைத் தலைவரின் அனுமதியும் தேவையில்லை.

செம்மணி சொன்ன உண்மை

ஊர்க் கோர்ட்டில் விசாரிப்பதால் என்ன பெரிய லாபம் என்று கேட்பவர்களுக்கு, கடலுக்கு அப்பால், இலங்கையில் நடந்த ஒரு வழக்கே பதில் சொல்லும்.

யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசாமி. வயது 18. 1996-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந்தேதி பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்கு வந்தாள். செம்மணி ராணுவச் சோதனைச் சாவடியில் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். பெண்ணைக் காணோமே என்று தேடிப் போனார் தாய். கூடப் போனார்கள் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும். நால்வருமே திரும்பவில்லை. அவளைக் கெடுத்து, நாலு பேரையும் கொன்று புதைத்துவிட்டார்கள்.

இந்த வழக்கு கொழும்பு ஐகோர்ட்டில், ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் முன்பு நடந்தது. 1998 ஜூலையில் படையினருக்கு மரண தண்டனை விதித்தார்கள். தண்டனைக்கு முன் ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார்கள். சோமரத்ன ராஜபக்ச என்ற கார்ப்பரல் வாய் திறந்தான். "இந்த நாலு உடல் என்ன? செம்மணியில் 300, 400 பேர் புதைந்து கிடக்கிறார்கள். இடத்தைக் காட்டுகிறேன்" என்ற பொருளில் சொன்னான்.

திறந்த கோர்ட்டு அது. பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சை யாராலும் திரும்ப விழுங்க வைக்க முடியவில்லை. 1999-ல் செம்மணியைத் தோண்டினார்கள். 15 உடல்கள் கிடைத்தன. விஷயம் அதோடு அமுங்கிப்போயிற்று என்றே எல்லாரும் நினைத்தார்கள். 2025-ல் அதே செம்மணிப் பகுதியில், சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. குழந்தைகளுடையதும் அவற்றில் உண்டு. 27 வருஷத்துக்கு முன் ஒரு கைதி கோர்ட்டுக் கூண்டில் நின்று சொன்ன சொல்லை மறந்தவர்களுக்கு, அது திரும்ப ஞாபகம் வந்தது. முகாமுக்குள், அதிகாரிகள் ஐந்து பேர் முன்னால் அவன் அதைச் சொல்லியிருந்தால்?

இலங்கையின் ஊர்க் கோர்ட்டுகளைத் தலையில் வைத்து ஆடவும் வேண்டாம். 1996-ல் குமாரபுரத்தில் 24 தமிழர்களைக் கொன்ற வழக்கு, திருகோணமலையில் இருந்து அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. 2016-ல் ஜூரிகள் 6 படையினரையும் விடுதலை செய்தார்கள். மிருசுவிலில் 2000-ம் ஆண்டு டிசம்பரில் 8 தமிழர்களைக் கொன்றதற்காக சுனில் ரத்நாயக்க என்ற சார்ஜெண்டுக்கு 2015-ல் மரண தண்டனை. சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச அவரை மன்னித்து விட்டுவிட்டார். கோர்ட்டு கொடுத்ததை நாற்காலி எடுத்துவிட்டது. ஆனாலும் மன்னிப்புக் கொடுக்கவேண்டும் என்றால் முதலில் "இவன் குற்றவாளி" என்ற தீர்ப்பு இருக்கவேண்டும் அல்லவா? அந்த எட்டுப் பேர் குற்றமற்ற ஜனங்கள் என்பது தீர்ப்பில் எழுதியாகிவிட்டது. அதை எந்த ஜனாதிபதியும் அழிக்க முடியாது.

என்ன செய்யலாம்?

படைக்குள் நடக்கும் ஒழுங்கு மீறலைப் படையே விசாரிக்கட்டும். அதில் யாரும் கை வைக்கவேண்டாம். உண்மையான போர்க்களத்தில், குண்டு மழையில் நடந்ததையும் ராணுவம் விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே ஊர்க் கோர்ட்டும் இல்லை, ஊர்ச் சாட்சியும் இல்லை.

ஆனால் ஊர் நடுவில், கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும் வேலை செய்யும் இடத்தில், படையைச் சேராத ஒருவர் செத்தால் அந்த வழக்கு எந்தக் கோர்ட்டுக்கு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை படையிடம் இருக்கக்கூடாது. அதைச் செஷன்ஸ் நீதிபதியிடம் கொடுக்கவேண்டும். "போர்ப் பணி" என்ற வார்த்தையைக் காகிதத்தில் நீட்டிக்கொண்டே போவதை நிறுத்தவேண்டும். இதற்குப் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தவேண்டும். அது நாளைக்கே நடக்கிற காரியம் அல்ல.

நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. படை ஆள் ஒருவரை மாஜிஸ்திரேட்டு முன் கொண்டுவந்தால், மாஜிஸ்திரேட்டு உடனே விசாரணையைத் தொடங்க முடியாது. 1978-ல் போட்ட விதிகளின்படி, முதலில் அவருடைய படைத் தலைவருக்கு நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் காத்திருக்கவேண்டும். அதற்குள் படை "எங்களிடம் கொடுங்கள்" என்று கேட்கலாம். குற்ற விசாரணைச் சட்டம் மாறி, 2024 ஜூலை 1-ந்தேதி புதுச் சட்டம் வந்த பிறகும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

அந்த 15 நாளும் யாருக்கு? படைக்கு. செத்தவர் வீட்டுக்கு ஒரு வரி எழுதவேண்டும் என்று அந்த விதிகளில் இல்லை. ஒருநாள் திடீரென்று "வழக்கு இங்கே இல்லை, முகாமுக்குப் போய்விட்டது" என்று கோர்ட்டுக் குமாஸ்தா சொன்னால்தான் அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். படைத் தலைவருக்கு அனுப்பும் நோட்டீசின் நகல் ஒன்றை, தமிழில் எழுதி, அந்த வீட்டுக்கும் அனுப்பவேண்டும். அந்த 15 நாளில் அவர்களும் மாஜிஸ்திரேட்டு முன்னால் வந்து, "எங்கள் வழக்கு இங்கேயே நடக்கட்டும்" என்று சொல்ல இடம் கொடுக்கவேண்டும். இதற்குப் பார்லிமெண்டு கூடவேண்டியதில்லை. விதிகளைப் போட்டது மத்திய அரசு. திருத்தவும் அதனால் முடியும்.